இருங்க, வந்துடறேன்

ரஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்ற முடிவோடுதான் சுகிர்தா அன்று நாய்ப் பயிற்சி மைதானத்துக்கு வந்தாள். ஒரு கையில் நாயின் செயின், மறு கையில் மகன் ஜோயல். முகம் கழுவியும் கண்ணிலிருந்து அசதி போகவில்லை.

ஜோயலுக்கு வலிப்பு வரும். வந்தால், அம்மா ஓடிவரும்வரை நாய் பக்கத்திலேயே படுத்துக் குரைக்க வேண்டும். அதற்காகத்தான் ரஸ்க்கைப் பழக்குகிறார்கள். குட்டியாக இருந்தபோது சொன்னதெல்லாம் கேட்டது. "இவன் தேறிடுவான்மா" என்று பயிற்சியாளர் அப்பாஸ் மாஸ்டரே சொல்லியிருந்தார். இப்போது அதற்கு வயசுப் பையன் பருவம். கால்கள் நீண்டுவிட்டன, காதுதான் கேட்பதில்லை.

"என்னம்மா, துரை இன்னைக்கு எதைக் கடிச்சாரு?" என்றார் மாஸ்டர்.

"செருப்பு. அது போகட்டும். நேத்து ஜோயல் ஹால்ல விழுந்தான் மாஸ்டர். நான் சமையல்கட்டுல இருந்தேன். இவன் குரைக்கவே இல்ல. கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டான். தட்டு விழுந்த சத்தம் கேட்டு நானா வந்து பார்த்தேன். அந்தச் சத்தமும் கேக்கலைன்னா?"

மாஸ்டர் குனிந்து ரஸ்க்கின் காதைத் தடவினார்.

"முன்னாடி ஒரு தடவ 'இரு'ன்னா கல்லு மாதிரி இருப்பான். இப்ப நூறு தடவ சொல்லியாச்சு. என் மூஞ்சியப் பார்த்துக்கிட்டே நடந்து போறான். நீங்களே வச்சுக்குங்க. என்னால முடியல."

"சரிம்மா, வச்சுக்கறேன். ஒரு டீ குடிச்சுட்டு வரேன், பேசுவோம். இந்த நாற்காலியில இருங்க, வந்துடறேன்."

சுகிர்தா உட்கார்ந்தாள். ஜோயலின் ஷூ லேஸ் அவிழ்ந்திருந்தது. எழுந்துபோய்க் கட்டிவிட்டாள். அவனுக்குத் தாகம் என்றதும் குழாயடிக்குப் போனாள். ரஸ்க் ஒரு காக்காயைப் பார்த்து இழுத்த இழுப்புக்கு வேலிவரை போய்விட்டு, கடைசியில் வேப்பமர நிழலில் நின்றாள்.

மாஸ்டர் வந்தார். காலி நாற்காலியைப் பார்த்தார்.

"இருங்கன்னு சொன்னேனே?"

"இங்கதானே மாஸ்டர் இருக்கேன்."

"நாற்காலியில இருங்கன்னேன்."

"அது..." அத்தனை அசதியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "அது சும்மா பேச்சுக்குச் சொல்றதுதானே."

"வீட்டுல இந்த மாதிரி எவ்வளவு சொல்லுவீங்க?"

சுகிர்தா யோசித்தாள். இருடா, பால் ஆத்தித் தரேன். இரு, போன் அடிக்குது. இருங்கண்ணா, கதவைத் திறக்கறேன். எதற்கும் யாரும் இருந்த இடத்தில் இருக்க வேண்டியதில்லை.

"பையன் கெட்டுப்போகலம்மா," என்றார் மாஸ்டர். "தமிழ் கத்துக்கிட்டான்."

"அப்ப 'ஸ்டே'ன்னு மாத்திடட்டுமா? கான்வென்ட்ல படிச்சதுக்கு அதாவது உதவட்டும்."

"மாத்துங்க. கொஞ்ச நாள்ல அதையும் சொல்லிச் சொல்லியே தேய்ச்சுடுவீங்க."

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மண்ணில் கோடு போட்டுக்கொண்டிருந்த ஜோயலின் கை நின்றது. பிள்ளை அப்படியே சாய்ந்தான்.

சுகிர்தா செயினை விட்டுவிட்டு ஓடி, அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். மாஸ்டர் தன் துண்டை மடித்து அவன் தலைக்குக் கீழே செருகினார். ரஸ்க், வாலைக் கால்களுக்கிடையே ஒடுக்கிக்கொண்டு கேட்டைப் பார்த்து ஓடியது.

"ரஸ்க், இரு."

ஒரே ஒரு தடவை சொன்னாள். அதன்பிறகு அந்தப் பக்கம் திரும்பவில்லை. பிள்ளையின் தோளில் வைத்த கையை எடுக்கவும் இல்லை.

நாய் பாதி வழியில் நின்றது. அங்கேயே நின்று நடுங்கியது. பிறகு வயிறு தரையில் தேய, மெல்ல மெல்ல வந்து, ஜோயலின் முதுகோடு ஒட்டிப் படுத்தது. உடைந்த குரலில் ஒருமுறை குரைத்தது. பிள்ளையின் உடம்பு அடங்கிய பின்பும் எழுந்திருக்கவில்லை.

ஜோயல் அவள் மடியில் தூங்கிப்போனான். சுகிர்தா ரஸ்க்கின் முதுகில் கை வைத்தாள்.

"வந்துட்டான். ஆனா முதல்ல ஓடினானே மாஸ்டர். இன்னும் நடுங்கறான், தொட்டுப் பாருங்க. இப்படிப் பயப்படற நாயை நம்பி நான் எப்படிப் பிள்ளைய விடுவேன்?"

மாஸ்டர் கொட்டகைப் பக்கம் கை காட்டினார். அங்கே பெரிய நாய் ஒன்று காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு நடந்ததற்கும் அது தலையைத் தூக்கவில்லை.

"அதைக் கூட்டிட்டுப் போறீங்களாம்மா? அதுக்குப் பயமே கிடையாது."