சாகாத படை

யாருக்கும் வேண்டாத ஒரு போரை ராஜா மூன்று வருஷமாக நடத்திக்கொண்டிருந்தார். வீட்டுக்கு ஒருவர் படைக்கு வர வேண்டும் என்பது உத்தரவு. ஆள் பிடிக்க வந்த தளவாய், ஆடு மேய்க்கும் செங்கோடனின் வாசலில் குதிரையை நிறுத்தினார்.

"கிளம்புடா படைக்கு!"

"எங்க வீட்டுக்கு அண்ணன் மருதையன் போயிருக்காருங்களே, சாமி."

"அவன்தான் போன மாசமே செத்துட்டானே!"

செங்கோடன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "அப்படிச் சொல்லாதீங்க சாமி. நம்ம படையில ஒருத்தர்கூடச் சாகலேன்னு நேத்துத்தான் அரண்மனையில தமுக்கடிச்சாங்க. ராஜா பொய் சொல்லுவாருங்களா?"

வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த கூட்டத்தில் யாரோ இருமினார்கள். தளவாயின் முகம் கறுத்தது. "சரி, உயிரோடதான் இருக்கான்" என்று முனகிக் குதிரையைத் திருப்பியவர், வாசற்படியில் நின்ற மருதையன் மனைவி பொன்னாயியைப் பார்த்துவிட்டார்.

"புருஷன் உயிரோட இருக்கிறவ நெத்தியில பொட்டு எங்கேடா?"

பொன்னாயி உள்ளே போனாள். திரும்பி வந்தபோது நெற்றியில் குங்குமம் இருந்தது.

"தலைக்குக் குளிச்சேன், வைக்க மறந்துட்டேனுங்க."

போர் முடிகிற வரைக்கும் அவள் ஒரு நாளும் மறக்கவில்லை.