இரண்டு குக்கர் சோறு

“எல்லாத்தையும் ஆர்கானிக்கா வாங்கக் கட்டுப்படியாகலீங்க, அம்மை. எதை வாங்கறது, எதை விடறது?”

பவளக்கொடி இதைக் கேட்டபோது அருளம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

கோபி நகரத்துக்கு வெளியே, வாய்க்காலைத் தாண்டியதும் அருளம்மையின் தியானக் குடில். அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பவளக்கொடி நாற்பதைத் தாண்டியவள். ஆனாலும் சிஷ்யை குருவை ‘அம்மை’ என்பாள். குரு சிஷ்யையை ‘அக்கா’ என்பார். இருவருக்கும் அதில் சங்கடம் இல்லை.

“யாருக்கு வாங்கறீங்க, அக்கா?”

“குடும்பத்துக்குத்தானுங்க.”

“குடும்பத்துல யாரு யாரு?”

“நானு, அவரு, பாப்பா.”

“ஆர்கானிக் அரிசி யாருக்கு?”

“பாப்பாவுக்குங்க.”

“பருப்பு?”

“அதும் பாப்பாவுக்குத்தானுங்க.”

“செக்கு எண்ணெய்?”

பவளக்கொடி ஒரு கொத்துக் கீரையை எடுத்துத் தானும் உருவத் தொடங்கினாள்.

பக்கத்தில் நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார். கடைவீதியில் மருந்துக்கடை வைத்திருப்பவர். யார் என்ன கேட்டாலும் குருவுக்கு முன்னால் பதில் சொல்லிவிடுவார்.

“இதுல என்ன யோசனை? தோலை உரிச்சுத் திங்கறதைச் சாதாவா வாங்கு. தோலோட திங்கறதை ஆர்கானிக்கா வாங்கு. முடிஞ்சுது.”

“அதெல்லாம் பண்ணிப் பாத்தாச்சுங்ணா. வெங்காயம், வாழைக்காய் சாதாதான். கீரையை மொட்டை மாடியில சாக்குல போட்டிருக்கேன்.”

“அப்புறமென்ன, கெட்டிக்காரிதானே.”

“கெட்டிக்காரியா இருந்து என்னங்ணா பண்றது? பாப்பா திங்க மாட்டேங்குது.”

கீரை உருவிக்கொண்டிருந்த அருளம்மையின் கை நின்றது.

“திங்க மாட்டேங்குதா?”

“ரெண்டு வாய்தானுங்க. அப்புறம் தட்டைத் தள்ளி விட்டுருது. ஸ்கூல் யூனிபார்மு தொளதொளன்னு ஆயிருச்சு. டாக்டர்கிட்டக் காட்டினேன். நோய் ஒண்ணுமில்லை, எடை மட்டும் இறங்கிட்டே போகுதுன்னாரு. இப்படியே போனா ஆஸ்பத்திரியில பெட்டுல சேர்க்கணுமாம். அதான், இன்னும் நல்ல சாமானா வாங்கிப் போட்டா திம்பாளான்னு பாக்கறேன்.”

சொல்லும்போது அவள் குரல் உடையவில்லை. கையில் இருந்த கீரைக் காம்புதான் உடைந்தது.

மகள் தன்விகா பிறந்தது கல்யாணமாகிப் பல வருடம் கழித்து. ஆஸ்பத்திரி வாசல்களில் காத்துக் கிடந்த நாட்களில், பக்கத்தில் இருந்த ஒருத்தி சொன்னாள், இப்போது எல்லாக் கோளாறும் சாப்பாட்டில் இருந்துதான் வருகிறது என்று. பவளக்கொடி அதை மறக்கவே இல்லை. அவள் பனியன் கம்பெனியில் செக்கிங் செய்கிறாள். துணியை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து ஓட்டை தேடுவது வேலை. வீட்டிலும் அந்தக் கண்ணோடுதான் எதையும் பார்ப்பாள்.

“அப்ப வாங்கறதை நிறுத்திரட்டுங்களா, அம்மை?”

“நிறுத்தச் சொன்னனா?”

“இல்லீங்க.”

“ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்குச் சாப்பிட வர்றேன்.”

நாச்சிமுத்து தொண்டையைச் செருமினார்.

“உங்களைக் கூப்பிடலைங்ணா,” என்றார் அருளம்மை.

*

ஞாயிற்றுக்கிழமை குழந்தைவேலு முகம் மழித்து, வெள்ளை வேட்டி கட்டி, வாசலிலேயே நின்றிருந்தார். பவளக்கொடியின் கணவர். சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவர்.

“வாங்க, வாங்க. எங்க வீட்டுப் பணக்காரி உள்ளதான் இருக்கறாங்க.”

“யாரது?”

“பாப்பாதானுங்க. தனி அரிசி, தனிப் பருப்பு, தனி எண்ணெய், தனிக் குக்கர். நாங்க ரெண்டு பேரும் அவ வீட்டுல குடக்கூலிக்கு இருக்கோம்.”

“சும்மா இருங்க,” என்றாள் உள்ளே இருந்து பவளக்கொடி.

அடுப்பில் இரண்டு குக்கர்கள் இருந்தன. ஒன்று சின்னது, பளபளப்பாக. ஒன்று பெரியது, கைப்பிடி கருகிப்போனது.

தன்விகா பாயில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒரு பக்கம் அம்மாவின் தட்டு. மறுபக்கம் அப்பாவின் தட்டு. அவள் முன்னால் கீரைக் கிண்ணம். எதிரே விருந்தாளிக்கு இலை.

அருளம்மை இலையின் முன் உட்கார்ந்தார்.

“உம் பேரென்ன?”

“தன்விகா. ஒண்ணாப்பு.”

“பக்கத்து வீட்டுல விளையாடப் போவியா?”

“போகமாட்டேன். அந்த ஆன்ட்டி கேக் குடுத்தாங்க. அது விஷம்னு சொன்னேன். கோவிச்சுக்கிட்டாங்க.”

“நீ சொல்லலாமா அப்படி?” என்றாள் பவளக்கொடி. “அம்மா வீட்டுல சொல்றதை எல்லாம் வெளியில சொல்லக் கூடாது.”

சின்னக் குக்கரில் இன்றைக்குக் கூடுதலாக அரிசி போட்டிருந்தாள். கரண்டியில் சோறு எடுத்துக்கொண்டு இலைக்கு வந்தாள். அருளம்மை இலையின் மேல் கை வைத்து மறைத்தார்.

“பெரிய குக்கர்ல என்ன, அக்கா?”

“அது எங்களுக்குங்க.”

“எனக்கு அதுல போடுங்க.”

“அய்யோ, வேண்டாங்க. அது கடை அரிசி. மருந்தடிச்சது.”

“நீங்க சாப்பிடறதுதானே?”

“நாங்க என்னங்க. நாங்க தின்னு பழகினவங்க.”

அருளம்மை கையை எடுக்கவில்லை.

பவளக்கொடி கணவரைப் பார்த்தாள். அவர் பெரிய குக்கரைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் அதைத் திறந்து இலையில் போட்டாள். பருப்பு ஊற்றினாள். அவள் முகம் சுண்டிப்போயிருந்தது.

அருளம்மை பிசைந்து முதல் கவளத்தை எடுத்தார்.

ஒரு சின்னக் கை வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

“சாப்பிடாதீங்க.”

“ஏன்?”

“அது விஷம்.”

“உங்கம்மா தினமும் அதைத்தானே சாப்பிடறாங்க?”

தன்விகா கையை எடுத்துக்கொண்டாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

அம்மா மற்ற இரண்டு தட்டிலும் பெரிய குக்கர்ச் சோற்றைப் போட்டாள். அவள் தட்டில் சின்னக் குக்கர்ச் சோற்றைப் போட்டாள். நெய் விட்டாள். தன்விகா ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாய் சாப்பிட்டாள். பிறகு தட்டைத் தள்ளினாள்.

“பாத்தீங்களா?” என்றார் குழந்தைவேலு. “தெனமும் இதே கூத்துத்தானுங்க. ரெண்டு வாய். அப்புறம் ஒரே தள்ளு. இவ திட்டுவா, கெஞ்சுவா. கடைசில அத்தனையும் எடுத்து மூடி வெச்சிருவா, ராத்திரி திங்கட்டும்னு. ராத்திரியும் தள்ளு.”

“எந்தப் பக்கமுங்க தள்ளுவா?”

“எந்தப் பக்கம்னா?”

“தட்டை.”

“அது என்னங்க, தள்ளறதுல எந்தப் பக்கம்...”

குழந்தைவேலு தட்டைப் பார்த்தார். சோற்றில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. தட்டு பவளக்கொடியின் தட்டோடு ஒட்டி நின்றது.

“அவங்கம்மா பக்கமுங்க,” என்றார். பிறகு மெதுவாக, “சில நாள் என் பக்கம்.”



பவளக்கொடி கரண்டியோடு நின்றாள். துணியில் ஓட்டையைக் கண்டுபிடிக்கும்போது நிற்பதுபோல.

பிறகு மகளின் முன்னால் உட்கார்ந்தாள்.

“கண்ணு. அம்மா சாப்பிடட்டும்னா தள்ளினே?”

தன்விகா ஆமென்று தலையாட்டினாள்.

“வாயத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா வேண்டாம்னுதான் சொல்லுவே.”

பவளக்கொடி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“நீயும் அப்பாவும் செத்துப் போயிட்டா, நான் மட்டும் நல்ல சாதம் தின்னுட்டு என்ன பண்றது?”

கோபமாகத்தான் கேட்டாள். ரொம்ப நாளாகக் கேட்க வேண்டும் என்று வைத்திருந்ததுபோல.

குழந்தைவேலு எழுந்துபோய்த் தண்ணீர்ச் செம்பை எடுத்து வந்தார். யாரும் தண்ணீர் கேட்கவில்லை.

பவளக்கொடி குருவைப் பார்த்தாள். குரு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெரிய குக்கர்ச் சோற்றை, ரசித்து, நிதானமாக.

“அம்மை, ஏதாச்சும் சொல்லுங்க.”

“பருப்பு நல்லாருக்கு. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க.”

பவளக்கொடி பருப்பு ஊற்றினாள்.

அப்புறம் அடுப்படிக்குப் போனாள். சின்னக் குக்கரைத் தூக்கினாள். பெரிய குக்கருக்குள் கவிழ்த்தாள்.

“அட, அந்த அரிசி என்ன வெலை...” என்று ஆரம்பித்த குழந்தைவேலு வாயை மூடிக்கொண்டார்.

மகளின் தட்டில் இருந்த சோற்றையும் எடுத்து அதில் போட்டாள். தன் தட்டில் இருந்ததையும், அவர் தட்டில் இருந்ததையும் போட்டாள். கரண்டியை அடிவரைக்கும் விட்டுக் கிளறினாள். ஒரு அரிசி கொஞ்சம் பழுப்பு, ஒன்று வெள்ளை. கிளறக் கிளற, தனியாகப் பொறுக்கி எடுக்க முடியாதபடி ஆயிற்று.

“வர்ற மாசம் அதுல பாதி வாங்கறேன், இதுல பாதி வாங்கறேன்,” என்றாள், கிளறிக்கொண்டே. யாரிடமும் அனுமதி கேட்கும் குரல் இல்லை அது. “பருப்பும் அப்படித்தான். மாடிக் கீரை நம்ம மூணு பேருக்கும். எது வாங்கினாலும் மூணு பேருக்கும் வர்ற மாதிரி வாங்கறேன். வரலைன்னா வாங்கலை.”

“கேஸும் மிச்சம்,” என்றார் அருளம்மை.

குழந்தைவேலு சிரித்துவிட்டார். பவளக்கொடியும்.

மூன்று தட்டிலும் சோறு விழுந்தது. தன்விகா குனிந்து தன் தட்டைப் பார்த்தாள். அம்மாவின் தட்டைப் பார்த்தாள். எழுந்து நின்று, அப்பாவின் தட்டையும் எட்டிப் பார்த்தாள்.

“இது எந்தச் சோறும்மா?”

பவளக்கொடி அதற்குள் பிசைந்து முதல் வாயைப் போட்டிருந்தாள்.

“தெரியலை கண்ணு. அந்தக் கீரைக் கிண்ணத்தை இப்படித் தள்ளு. எனக்குப் பசிக்குது.”

தன்விகா கிண்ணத்தை அம்மா பக்கம் தள்ளினாள். பிறகு தன் தட்டை இழுத்துக்கொண்டாள்.