வாசனை கூப்பிட்ட வீடு

அலையாத்திக் காட்டின் ஓடைக்கரையில் துறவி நண்டுகள் கூட்டமாக வாழ்ந்தன. பெயரில்தான் துறவு, ஆசை முழுக்க வீட்டின் மேல். மற்ற நண்டுகளுக்கு உடம்பெல்லாம் கெட்டியாக ஓடு இருக்கும். இவற்றுக்கோ பின்பாதி உடம்பு கனிந்த வாழைப்பழம் மாதிரி மெத்தென்று இருக்கும். சொந்தமாக ஓடு செய்துகொள்ளத் தெரியாது. நத்தையும் சங்கும் விட்டுப்போன காலி ஓட்டைத் தேடி எடுத்து, அதற்குள் உடம்பை நுழைத்து, போகுமிடமெல்லாம் சுமந்துகொண்டு திரியும்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு முறை உண்டு. பெரிய ஓடு ஒன்று கரை ஒதுங்கினால் யாரும் அடித்துக்கொள்வதில்லை. பெரியவர் முதலாக, சிறியவர் கடைசியாக வரிசை கட்டி நிற்பார்கள். பெரியவர் புது ஓட்டுக்குள் போவார். கழற்றிய பழையதை வாசலில் வைத்துவிட வேண்டும். அதற்குள் அடுத்தவர் போவார். அவர் கழற்றியதற்குள் அதற்கடுத்தவர். ஒரே காலையில் பத்துப் பேர் வீடு மாறிவிடுவார்கள். கடைசியில் மிஞ்சும் பொடி ஓடுகூட வீணாகாது. இனிமேல் பிறக்கப்போகும் குஞ்சு ஒன்றுக்கு அது ஆகும்.

இன்னொன்றும் உண்டு. துறவி நண்டு ஒன்று செத்தால் அதன் உடம்பிலிருந்து ஒரு வாசனை கிளம்பும். காட்டில் மற்றவர்கள் அதற்கு முகம் சுளிப்பார்கள். இவர்களுக்கு மட்டும் அது சேதி: இங்கே வீடு காலி. அதற்கு 'அழைப்பு' என்று பெயர். அழைப்பு வந்தால் இவர்கள் துக்கம் கேட்கப் போவதில்லை. ஓடு பார்க்கத்தான் போவார்கள்.

செங்காலிக்கு வீடு அவசரமாக வேண்டியிருந்தது. போன மழைக்காலத்தில் அளவாக இருந்த ஓடு இப்போது இறுக்கிப் பிடித்தது. எவ்வளவு ஒடுங்கினாலும் பாதிக் கொடுக்கு வெளியே நின்றது. அது சாம்பல் நாரைக்குத் தெரிந்துவிட்டது.

“உள்ளே போயிட்டியாம்மா?” என்று தலைக்கு மேலேயிருந்து கேட்கும்.

“போயிட்டேன்.”

“கொடுக்கு தெரியுதே.”

செங்காலி கொடுக்கை இன்னும் உள்ளே இழுத்துப் பார்ப்பாள். ஏற்கெனவே ஒரு காலை அதற்குக் கொடுத்தாகிவிட்டது.

“எனக்கு அவசரமில்ல,” என்று நாரை சொல்லும். “நீ வளரு. வளர வளர வெளியேதானே நிப்பே.” ஒற்றைக் காலில் அப்படியே நிற்கும். அது போன பிறகும் அங்கேயே நிற்பது போலிருக்கும்.

ஒரு மார்கழிக் காலை. மூடுபனியில் ஓடையும் தெரியவில்லை, அக்கரையும் தெரியவில்லை. சேற்றிலிருந்து எழுந்த மூச்சுவேர்கள் மட்டும் விரல் விரலாக நின்றன. தெற்கு வளைவிலிருந்து அழைப்பு வந்தது.

கூட்டத்தில் எல்லாரிலும் பெரியவரான பெருங்கொடுக்கர் எழுந்தார். அவர் குரல் ஈர மணலைத் தேய்க்கிற மாதிரி கரகரப்பாக இருக்கும். “வழக்கப்படி முதல்ல நான்தானே. பார்த்துட்டு வந்து சொல்றேன். அதுக்குள்ள வரிசை கலையக் கூடாது,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று அவர் வரவில்லை.

மறுநாள் வாசனை கூடுதலாக வந்தது. “அங்க இன்னொரு வீடும் காலி போலிருக்கு,” என்று இரண்டு பேர் கிளம்பினார்கள். அடுத்த நாள் இன்னும் கூடுதல். நான்கு பேர் போனார்கள். அதற்கடுத்த நாள் ஆறு பேர். போன யாரும் வரவில்லை. வாசனை மட்டும் நாளுக்கு நாள் வந்தது. முன்பெல்லாம் பழுத்த இலைகள் மேல் ஓடுகள் இழுபடும் சத்தம் விடிந்தது முதல் கேட்டுக்கொண்டே இருக்கும். இப்போது இலை விழுந்தால் அது விழுவது கேட்டது.

மிச்சம் இருந்தது சில பொடிசுகளும், செங்காலியும், அவள் பக்கத்தில் குடியிருந்த முறுக்கனும்தான். முறுக்கன் ஓடு முறுக்கிக்கொண்டு இருக்கும். நடை கோணல். பேச்சுக்குக் குறைவில்லை.

“கிளம்பு புள்ள,” என்றான் அவன். “ஊரே அங்க குடிபோயிருச்சு. நம்ம ரெண்டு பேரும் இங்க யாருக்குக் காவல்?”

“யாராவது ஒருத்தர் வந்து சொல்லியிருக்கலாமே அண்ணே.”

“நல்ல வீடு கெடைச்சவன் திரும்பி வந்து சொல்லுவானா? நானா இருந்தா வரமாட்டேன்.”

செங்காலிக்குச் சிரிப்பு வந்தது. வாசனையும் இழுத்தது. அது மூக்கில் ஏறினால் கால் தானாக நடக்கும். இரண்டு பேரும் பனிக்குள் நடந்தார்கள்.

தெற்கு வளைவில் கரை ஓடையை நோக்கிச் சரிந்திருந்தது. அந்தச் சரிவில் அது கிடந்தது. படகில் போன மனிதர்கள், ஊறுகாய் தீர்ந்ததும் எறிந்துவிட்டுப் போன பெரிய கண்ணாடி பாட்டில். அகன்ற வாய். அதன் அடிப்பாகம் மேட்டுச் சேற்றில் ஒட்டியிருந்தது. கழுத்து, ஓடைப் பக்கமிருந்த ஒரு வளைந்த வேரின் மேல் தூக்கிக்கொண்டு நின்றது. வேரில் ஏறினால் நேரே வாய்க்குப் போகலாம், படி வைத்த மாதிரி. பாட்டில் என்றால் என்னவென்று நண்டுகளுக்குத் தெரியாது. சுவரே இல்லாத, ஆனால் சுவர் உள்ள ஒரு பெரிய வீடு என்று நினைத்தார்கள்.

உள்ளே ஊரே இருந்தது. குண்டு ஓடு, கூம்பு ஓடு, புள்ளி ஓடு. எல்லா ஓடுகளின் வாயும் ஒரே பக்கம், வெளியே பார்த்தபடி இருந்தது. அடியில், மற்றவற்றின் கீழே, பெருங்கொடுக்கரின் பழுப்பு ஓடு. ஒன்றும் அசையவில்லை.

“பாரு,” என்றான் முறுக்கன். “எல்லாரும் இங்கதான். விருந்து சாப்பிட்ட மாதிரி தூங்குறாங்க.”

செங்காலி பாட்டிலைச் சுற்றி வந்தாள். சேற்றில் தேடினாள், வேரடியில் தேடினாள். மறுபடியும் ஒரு சுற்று வந்தாள்.

“என்ன தேடுற?”

“அண்ணே, வீடு மாறினவங்க பழைய வீட்டை வாசல்ல வெச்சிருக்கணும்ல? பதிமூணு பேரு வந்தாங்க. ஒரு ஓடுகூட வெளியே இல்லையே.”

“அவசரத்துல மறந்திருப்பாங்க.”

“பெருங்கொடுக்கர் மறப்பாரா?”

“இரு, அவரையே கேட்டுடறேன்.” முறுக்கன் அதற்குள் வேரில் ஏறிவிட்டான். வாயின் விளிம்பில் அவன் கால் வைத்ததும் பாட்டில் கழுத்து வேரின் மேல் ஒரு தரம் ஆடி நின்றது. “என்னா வழவழப்பு...” என்றான். அவ்வளவுதான். கண்ணாடியில் சறுக்கி, மற்ற ஓடுகளின் மேல் போய் விழுந்தான்.

திரும்பி ஏறப் பார்த்தான். கால்கள் கண்ணாடியில் கீறின. சறுக்கினான். மறுபடி ஏறினான். செங்காலிக்கு அவன் வாய் அசைவது தெரிந்தது. சிரிப்பது போலிருந்தது. பிறகு சிரிப்பது போல இல்லை. சத்தம் மட்டும் வரவேயில்லை.

அவள் உணர்கொம்பைக் கண்ணாடியில் வைத்தாள்.

அப்போதுதான் கேட்டது. ஒரு குரல் இல்லை, பல குரல்கள். மெல்ல, ஒன்றின் மேல் ஒன்றாக. வராதே, வராதே, வராதே. எல்லாவற்றுக்கும் அடியில், ஈர மணலைத் தேய்க்கிற கரகரப்பில் ஒரு குரல், மூச்சுவிடாமல், வராதே.

முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள். சொன்னது கண்ணாடியைத் தாண்டவில்லை. செத்தவர்களின் வாசனை மட்டும் வாய் வழியாக வெளியே வந்து, வா வா என்று ஊரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

“வரிசை நல்லா நகருதே,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பனிக்குள் நாரை நின்றது. முதலில் கால்தான் தெரிந்தது. பிறகு கழுத்து. பிறகு கண்.

“நானும் பக்கவாட்டுல கொத்திப் பார்த்தேன்,” என்றது நாரை. “கண்ணுக்குத் தெரியுது, வாய்க்கு வரல. சரி, வெளியே இருக்கிறது போதும்னு விட்டுட்டேன்.” ஒரு எட்டு வைத்தது. “உள்ளே போயிட்டியாம்மா?”

ஓடிவிடலாமா என்று செங்காலி பார்த்தாள். நாலு எட்டுக்கு மேல் ஓட முடியாது. பாட்டிலுக்குள் குதித்தால் நாரையிடம் தப்பலாம், ஆனால் வாசனையாகத்தான் வெளியே வரலாம். முறுக்கன் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு அவளையே பார்த்தான். வேரின் மேல் கழுத்து ஆடி நின்றது அவளுக்கு நினைவு வந்தது.

அவள் வேரில் ஏறினாள்.

“அட, நீயும் குடிபோறியா?” என்றது நாரை.

உள்ளே போகவில்லை. கழுத்தின் மேல்புறமாக ஏறி, விளிம்போரத்தில் ஓட்டை அழுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொடுக்கை வழக்கத்தை விட வெளியே நீட்டினாள்.

“கொடுக்கு தெரியுதா?” என்று கேட்டாள்.

“நல்லாவே தெரியுது.”

“அவசரமில்லேன்னு எத்தனை நாளா சொல்லிட்டிருக்கே. கொத்தத் தெரியாமதான் சொல்றியோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.”

நாரையின் கழுத்து மெல்லப் பின்னால் வளைந்தது. அது வளைந்த அந்த நேரத்தில், செங்காலி எந்தத் துறவி நண்டும் மாற்று ஓடு பார்த்து வைக்காமல் செய்யாத காரியத்தைச் செய்தாள். ஓட்டை விட்டுக் கழன்றாள். மெத்தென்ற வெற்று உடம்போடு வேருக்குப் பின்னால் உருண்டாள்.

அலகு காலி ஓட்டின் மேல் இறங்கியது. டங்கென்றது. அந்த அடியில் கழுத்து வேரை விட்டு நழுவியது. வாய் ஓடைப் பக்கம் சரிவில் கவிழ்ந்தது. உள்ளே இருந்த ஓடுகளெல்லாம் கடகடவென்று சேற்றில் கொட்டின.

“வெறும் ஓடு,” என்று நாரை முனகுவது கேட்டது. அதன் நிழல் வேரைத் தாண்டி வந்தது.

செங்காலியின் முன்னால் ஒரு பழுப்பு ஓடு உருண்டு வந்து நின்றது. பெருங்கொடுக்கருடையது. அவள் உள்ளே பாய்ந்தாள். கடைசிச் சுற்று வரைக்கும் போனாள். அவ்வளவு பெரிய வீட்டில் அவள் இருந்ததே இல்லை. உள்ளே யாரும் இல்லை. ஒரு காய்ந்த கொடுக்கு மட்டும் ஓரமாகக் கிடந்தது.

அலகு இரண்டு தரம் வாசலில் தட்டியது.

“கொடுக்கு தெரியலையே,” என்றது நாரை.

“இனிமே தெரியாது.”

நாரை அலகைச் சேற்றில் துடைத்தது. “எனக்கு அவசரமில்ல,” என்று சொல்லிவிட்டுப் பனிக்குள் போனது. இந்த முறை போன இடம் காலியாக இருந்தது.

உயிரோடு ஊர்ந்து வந்தவர்கள் முறுக்கனோடு சேர்த்து ஆறு பேர். மற்ற ஓடுகளிலிருந்து யாரும் வரவில்லை. முறுக்கன் ஓட்டில் ஒட்டிய சேற்றைக் கொடுக்கால் வழித்துக்கொண்டிருந்தான்.

“பெருங்கொடுக்கர் உங்ககிட்ட என்ன சொன்னாரு அண்ணே?” என்று செங்காலி கேட்டாள்.

முறுக்கன் மற்ற ஐந்து பேரையும் பார்த்தான். அவர்களில் முதலில் போனவள் பதில் சொன்னாள். “நாங்க போனப்பவே அவரு செத்திருந்தாரு புள்ள. மொத அழைப்பு யாரோ வெளியூர் நண்டோடது, மறுநாள் வந்தது அவரோடதுதான்னு நெனைக்கிறேன்.”

“இல்லையே. அவர் குரலை நான் கேட்டேனே.”

“நாங்களும் கேட்டோம்,” என்றாள் அவள். “நாலு நாளா.”



செத்தவர்களின் ஓடுகள் நல்ல ஓடுகள். பயந்துகொண்டு அவற்றை விட்டுவிட்டுப் போக யாருக்கும் மனம் இல்லை. காட்டில் நல்ல வீடு எளிதில் கிடைப்பதில்லை. ஓடைத் தண்ணீரில் அலசினார்கள். பெரியவர் முதலாக வரிசை நின்று, பழையதை வாசலில் வைத்து வைத்து வீடு மாறினார்கள். செங்காலியும் பழுப்பு ஓட்டை அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்து, தனக்கு அளவான புள்ளி ஓட்டுக்குள் போனாள். மிஞ்சிய சின்ன ஓடுகளை ஊரில் காத்திருந்த பொடிசுகளுக்கு உருட்டிக்கொண்டு போனார்கள்.

கடைசியில் ஒரே ஒரு ஓடு மிச்சம். செங்காலியின் பழைய ஓடு. நாரை கொத்தியதில் நடுவில் பிளந்துவிட்டது. இனி அதில் யாரும் குடியிருக்க முடியாது.

“அதைத் தூக்கிப் போடு புள்ள,” என்றான் முறுக்கன்.

“இருங்க அண்ணே.”

அவள் அதை உருட்டிக்கொண்டு போய் பாட்டிலின் வாயில் திணித்தாள். சுற்றிலும் சேற்றை அப்பினாள். மற்றவர்களும் வந்து அப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த வாய் முழுக்க மூடிவிட்டது. தெற்கு வளைவிலிருந்து அதன் பிறகு வாசனை எதுவும் வரவில்லை. ஆனாலும் அந்தப் பக்கம் போகிற துறவி நண்டு எதுவும், நின்று, உணர்கொம்பை ஒரு தரம் கண்ணாடியில் வைத்துக் கேட்காமல் போவதில்லை.

பிறர் எறிந்துவிட்டுப் போனதில் நல்லதை எடுத்து வாழ்வதில் ஒரு தாழ்வும் இல்லை. ஆனால் அதற்குள் காலை வைக்கும் முன், நமக்கு முன்னே போனவர்கள் வெளியே எதையாவது விட்டுப்போயிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.