செத்துப்போன டிஸ்க்

தூத்துக்குடியில் ஒரு லேப்டாப் கடை. அதன் மேனேஜர் அருள்தாஸ் வாயைத் திறந்தால் மேலே சுற்றும் ஃபேன்கூட நின்று கேட்டுவிட்டுத்தான் சுற்றும். நம்பாதவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அவர் முன்னால் தையற்காரி செலின் நின்றாள். போன மழைக்காலத்தில் கடலுக்குப் போய்த் திரும்பாத மகன் ஜெனிட்டனின் லேப்டாப் மேஜைமேல் கிடந்தது.

"ஹார்ட் டிஸ்க் செத்துப்போச்சும்மா. நீங்க வாங்கின புதுசை மாட்டித் தர்றோம். பழசு எங்களுக்கு. அது கடைச் சட்டம்."

"அதுலதான் எம்மவன் பாடினதெல்லாம் இருக்கு சார்."

"செத்ததுல ஏதும்மா பாட்டு?"

"செத்தா உடம்பை வீட்டாளுககிட்டதான சார் குடுப்பாங்க?"

கடையே சிரித்தது. மேனேஜருக்கு மூக்கு சிவந்துவிட்டது. "கழட்டுறது யாரு? நாங்க! கழட்டுறவங்களுக்குத்தான் பழசு சொந்தம்!"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கள்ல?" என்ற செலின், கைப்பையிலிருந்து தையல் மிஷின் திருப்புளியை எடுத்தாள். லேப்டாப்பைக் குப்புறப் போட்டு திருகாணிகளைக் கழற்றினாள். பழசை உருவி, அது இருந்த வாக்கிலேயே புதுசைச் செருகி மூடினாள். பொத்தானை அமுக்கியதும், ஒன்றுமில்லாத திரை பளிச்சென்று எரிந்தது.

மேனேஜர் பழசின்மேல் கையை வைத்தார். "சட்டம்னு ஒண்ணு..."

"கழட்டினது நாந்தான் சார். கடல்தான் எம்புள்ள உடம்பைத் தரலை. நீங்களாவது தாங்க."

கை தானாக விலகியது.

பழசைக் கைக்குட்டையில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தாள். "ஒரு டிக்கெட்டாம்மா?" என்றார் கண்டக்டர்.

செலின் மடியைப் பார்த்தாள்.

"ரெண்டு."