மௌனச்சாமியின் முதல் வார்த்தை

தவமணி அம்மாவின் ஆசிரமத்தில் ஏகாம்பரம் என்றொரு சீடர் இருந்தார். குருவைவிடப் பத்து வயது மூத்தவர். கதை சொல்லி ஊர் ஊராகப் பேர் வாங்கிய வாய் அவருடையது.

அந்த வாய் தை மாதம் மூடிக்கொண்டது. மௌன விரதம் என்று சைகை காட்டினார். சித்திரைப் பௌர்ணமியன்று முடியுமாம். ஊர் அவருக்கு மௌனச்சாமி என்று பேர் வைத்துக் காலில் விழுந்தது. மௌனம் கலக நாஸ்தி, வாய் மூடினால் கலகமில்லை என்பார்கள். இவர் விஷயத்தில் கலகம் முழுக்க வாய்க்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது.

விரதத்துக்கு முன்பே தொடங்கியது அது. முதலில், வேப்பங்குச்சியால் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் கசிந்தது. குச்சிதான் குத்துகிறது என்று துலக்குவதையே விட்டுவிட்டார். பிறகு வாய் நாறியது. பிறகு கடைவாய்ப்பல் வலித்தது. பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று யாரோ எப்போதோ சொன்னதை நம்பி ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. ஒருநாள் கதை கேட்க முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். மறுநாள் விரதம் ஆரம்பித்தது.

பௌர்ணமிக்கு முதல் நாள் காலை, செல்வராணி என்பவள் மகனோடு வந்தாள். மூன்று வயதாகியும் அவனுக்குப் பேச்சு வரவில்லை.

"சாமி, நாளைக்கு உங்க வாயிலேர்ந்து வர்ற முதல் வார்த்தை எம்புள்ள காதுல விழணும். டாக்டரம்மா காது டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க. சாமி வாக்கு போதும்னு நான்தான் போகாம இருந்துட்டேன்."

பிள்ளையை அவர் மடியில் வைத்தாள். ஏகாம்பரம் ஆசீர்வதிக்கக் குனிந்தார். பிள்ளை முகத்தைச் சுளித்து, இரண்டு கையாலும் அவர் வாயைத் தள்ளிவிட்டது.

"ஐயோ, மன்னிச்சுக்குங்க சாமி!" என்று அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மன்னிப்புக் கேட்க வேண்டியது யார் என்று ஏகாம்பரத்துக்குத் தெரியும்.

அவள் போனதும் சமையற்கட்டுக்குப் போனார். தவமணி அம்மா பருப்பு களைந்துகொண்டிருந்தார்.

"அம்மா..."

"விரதம்?"

"விரதமே இல்லம்மா. வாய் நாறுது. அதை மறைக்கத்தான் மூடிக்கிட்டேன். ஊரே கும்பிட்டுச்சு, நானும் வாங்கிக்கிட்டேன். என்னை நம்பி அந்தச் செல்வராணி பிள்ளைக்குக் காது டெஸ்ட்கூட எடுக்கல. வெட்கமா இருக்கும்மா."

அம்மா அஞ்சறைப்பெட்டியைத் திறந்து கிராம்புக் கிண்ணத்தைக் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை.

"கிராம்பு தின்னுற எலி எதுன்னு பாத்துக்கிட்டிருந்தேன். வாயைத் திறங்க ஐயா."

அவர் கையால் பொத்திக்கொண்டார். அம்மா அந்தக் கையை விலக்கி, வெளிச்சத்துப் பக்கம் முகத்தைத் திருப்பி, கிட்டத்தில் குனிந்து நிதானமாகப் பார்த்தார். மூக்கைச் சுளிக்கவில்லை. வீங்கிய தாடையையும் நெற்றியையும் தொட்டார்.

"சீழ் வச்சிருக்கு. ஜுரமும் அடிக்குது. நாளைக்குன்னு தள்ளக் கூடாது, கிளம்புங்க. செல்வராணி இன்னும் பஸ் ஸ்டாப்புலதான் நிப்பா. அவளையும் கூட்டிக்கிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போவோம்."

"அவகூடவா? அவ முன்னாடி நான் வாயைத் திறக்கணுமா?"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

ஏகாம்பரம் நகரவில்லை. "அந்தப் பிள்ளைக்கு நான் என்னம்மா சொல்லுவேன்?"

"எங்க வலிக்குதுன்னு டாக்டர் கேப்பாரு. பிள்ளையைப் பக்கத்துல நிக்க வச்சுக்கிட்டு, 'இங்கதான் வலிக்குது'ன்னு சத்தமா சொல்லுங்க. பிள்ளைக்குக் காது கேக்குதான்னு அவளும் பாக்கட்டும்."