மூன்று வருடமும் முதலிடம்

"என் சரக்கு மட்டம்னா நான் வாயே திறக்க மாட்டேம்மா. மூணு வருஷமா அவங்க வைக்கிற சோதனையில முதல்ல வர்றது என் பிராசசர்தான். வாங்குறது மட்டும் அவன்கிட்ட!"

மலையடி மடத்தில், மடத்தை நடத்தும் அம்மாவின் முன் உட்கார்ந்து தணிகாசலம் பொரிந்து தள்ளினார்.

ஓசூரில் கம்ப்யூட்டருக்கான பிராசசர் தயாரிப்பவர் அவர். நூற்றிருபது பேர் அவரை நம்பி இருந்தார்கள். அவர் சொன்ன 'அவன்', ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் பதினைந்து வருடமாகப் பிராசசர் கொடுத்து வருகிறவன்.

அம்மா வயதில் அவரைவிட இளையவர். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்.

"உங்களைக் கூப்பிட்டது யாரு?"

"அவங்களேதான்! வருஷா வருஷம் கார் அனுப்புவாங்க. ஏசி ரூம்ல உட்கார வெச்சு முந்திரி பக்கோடா கொடுப்பாங்க. அந்த மேனேஜர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'சார், இப்படி ஒரு சரக்கை நாங்க பார்த்ததே இல்ல'ம்பான். அடுத்த வாரம் அந்தப் பழைய ஆளு போய் ஏதோ விலையைக் குறைப்பானாம். ஆர்டர் அவனுக்கே! இதெல்லாம் ஒரு நியாயமா?"

"இப்ப?"

"மறுபடியும் கூப்பிடுறாங்க. இந்தத் தடவை அவங்க மதர்போர்டுக்குத் தகுந்த மாதிரி புதுசாவே செய்யணுமாம். ஆறு மாசம் என் ஆளுங்க வேற வேலையைத் தொட முடியாது. அதுவும் போச்சுன்னா கம்பெனியை மூட வேண்டியதுதான். ஒத்துக்கவா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க."

அம்மா உள்ளே போனார். மூடி போட்ட பால் கேன் ஒன்றோடு வந்தார்.

"நாளைக்குக் காலையில இதைப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல நில்லுங்க."

"நானா?"

"நீங்கதான்."

மறுநாள் நின்றார். தேய்த்த சட்டை, தங்கக் கடிகாரம், கையில் காலி கேன்.

மடத்துக்குப் பால் ஊற்றும் கோதண்டம் மொபெட்டில் வந்து இறங்கினான். தணிகாசலத்தைப் பார்த்தான். கேனைப் பார்த்தான்.

"யாரும்மா இந்தாளு? பால்காரரா? மாப்பிள்ளை கணக்கா வந்து நிக்கிறாரு!"

அம்மா பாத்திரத்தை நீட்டினார்.

வழக்கம்போல மொபெட்டின் வலப்பக்கக் கேனுக்குப் போன கோதண்டத்தின் கை பாதியில் நின்றது. இடப்பக்கக் கேனைத் திறந்தான். அதில் இருந்தது டீக்கடைக்குப் போகிற கெட்டிப் பால்.

"தண்ணியா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் மாத்தியிருக்க மாட்டேனா? அதுக்குள்ள புது ஆளா?"

அளந்து ஊற்றினான். மேலே கொஞ்சம் கொசுறும் ஊற்றினான். போகிற போக்கில் தணிகாசலத்தை முறைத்துவிட்டுப் போனான்.

அம்மா பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ரொம்ப நல்லா நின்னீங்க. இப்படி ஒருத்தர் நின்னு நான் பார்த்ததே இல்ல. நாளைக்கும் வந்துடுங்க."

தணிகாசலத்துக்குச் சுர்ரென்று ஏறியது. கேனைத் தூக்கித் தரையில் அடித்தார்.

"என்ன விளையாட்டும்மா இது? அவன் உங்களுக்கு நல்ல பால் ஊத்துறதுக்கு நான் எதுக்கு இங்க வந்து நிக்கணும்?"

"அதானே?" என்றார் அம்மா.