கழலாத மோதிரம்

அரிசி ஆலை முதலாளி வன்னியப்பரின் மகன் சுடலைக்கும் பீடி சுற்றும் இசக்கியம்மாளுக்கும் நிச்சயதார்த்தம் நடந்திருந்தது. பெரிய இடத்துச் சம்பந்தம் ஒன்று வந்ததும் முதலாளி இந்த நிச்சயத்தை முறித்துவிட்டார். நிச்சயத்தன்று இசக்கி சுடலைக்குப் போட்ட மோதிரம், செத்துப்போன அவள் அம்மாவின் கம்மலை உருக்கிச் செய்தது. அதைத் திருப்பிக் கேட்டு அவள் ஆலைக்கே போனாள்.

"விரல்ல இறுகிப் போச்சும்மா. எண்ணெய் போட்டும் பாத்தாச்சு, கழலவே மாட்டேங்கு," என்றார் முதலாளி. சுடலை தலையைக் குனிந்துகொண்டான். மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு, இவள் என்ன செய்யப் போகிறாள் என்று சுற்றி நின்றார்கள்.

இசக்கி அழவில்லை. "அப்ப இருக்கட்டும் மாமா," என்றாள்.

"இன்னும் என்ன மாமா?"

"நான் போட்ட மோதிரம் அவுக விரல்ல இருக்கிற வரைக்கும் நீங்க எனக்கு மாமாதானே? புதுப் பொண்ணு வீட்டுக்காரங்க வரும்போது நானும் பந்தல்ல வந்து உக்காருதேன். நீ யாருன்னு கேட்டா அவுக விரலைக் காட்டுதேன். கழலாதுன்னு நீங்களே சொன்னதுக்கு இத்தன பேரு சாட்சி."

சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். முதலாளி சட்டென்று மகனின் கையைப் பிடித்தார். எண்ணெய் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரே இழுப்பில் மோதிரம் வந்துவிட்டது.

இசக்கி அதை வாங்கித் தன் கட்டைவிரலில் போட்டுக்கொண்டாள்.

"வாரேன் முதலாளி," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.